வீடு சேரும் வரை: ஒழுகும் எரிபொருள் குழாய்க்குப் போடும் அவசர ஒட்டுகள்

நெய்வேலிச் சுரங்கத்தின் மிகப் பெரிய இயந்திரங்களில் பெட்ரோல் டியூபும் இல்லை, டீசல் பைப்பும் இல்லை. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வாரி எடுக்கும் சக்கர வாளி இயந்திரங்கள், கிலோமீட்டர் கணக்கில் நீளும் கன்வேயர் பெல்ட்டுகள், மேல்மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டும் ஸ்ப்ரெடர்கள் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் நிலக்கரி தட்டுப்பட்டு, 1962-இல் மின்சாரம் எடுத்த ஊர் இது. நிலக்கரியை எரித்து வரும் மின்சாரத்தைக் கொண்டே நிலக்கரியை வெட்டுகிறார்கள். டீசல் குடிப்பவை புல்டோசர், பைப் லேயர், கிரேன், ஜீப், சாம்பல் லாரி, பஸ். பெட்ரோல் குடிப்பவை வேலைக்குப் போகிறவர்களின் டூவீலர்கள். குழாய் ஒழுகினால் அது பெரும்பாலும் இரவு ஷிப்ட் முடித்து வடலூருக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்கோ திரும்புகிறவரின் தலைவலி. அந்த நேரத்தில் மந்தாரக்குப்பத்தில் ஒர்க்‌ஷாப் திறந்திருக்காது.

அந்தத் தலைவலிக்கு ஊரில் மருந்துக்குக் குறைவில்லை. சோப்பைத் தேய்த்து அப்பு என்பார் ஒருவர். எம்-சீல் வை என்பார் இன்னொருவர். சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டு, இன்சுலேஷன் டேப் சுற்று, ஷெல்லாக் தடவு, சூயிங்கம் ஒட்டு, கட்டுக்கம்பியால் முறுக்கு, குளுக்கோஸ் டியூபை வெட்டிச் சொருகு, டெஃப்ளான் டேப் போடு. இவற்றில் எது நிஜமாகவே நிற்கும், எவ்வளவு தூரம் நிற்கும், எந்த வண்டியில் நிற்கும் என்று பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. இவை எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. பாதிக்கு மேல் ஒரு காலத்து வண்டிக்கும் ஒரு காலத்துப் பெட்ரோலுக்கும் பொருந்தியவைதான். வண்டியும் மாறிவிட்டது, பெட்ரோலும் மாறிவிட்டது. யோசனைகள் மட்டும் அப்படியே கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஒட்டு எது என்று பார்ப்பதற்கு முன்னால் கசிவின் கணக்கைப் பார்த்துவிடலாம். நொடிக்கு ஒரு துளி என்பது கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். பெட்ரோல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சிறியது. அப்படியும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 100 மில்லி போய்விடும். காசுக்கு அது பெரிதில்லை. ஆனால் காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் கலவை தயார். அந்த 100 மில்லி முழுவதும் ஆவியானால், மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி கொள்ளும் அளவுக்கும் மேலான காற்றை எரியக்கூடியதாக்கப் போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படிந்து பள்ளத்தைத் தேடும். பெட்ரோல் எரியும் ஆவியை விடத் தொடங்குவது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கிலேயே. கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அதற்கு எந்தத் தூண்டுதலும் வேண்டாம்.

டீசல் பத்திரமானது என்ற நினைப்பு லாரிக்காரர்களிடம் உண்டு. தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும் என்று செய்துகாட்டுகிறவர்களும் உண்டு. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமே பெட்ரோலை ‘ஏ’ வகுப்பிலும் டீசலை அதற்கு அடுத்த ‘பி’ வகுப்பிலும்தான் வைத்திருக்கிறது. டீசல் எளிதில் ஆவியாகாது என்பது உண்மை. ஆனால் தீப்பொறியே இல்லாமல், சூடான இரும்பின் மேல் பட்டுத் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு. பாரம் ஏற்றி வரும் லாரியின் டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அந்தச் சூட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். உலகெங்கும் திறந்தவெளிச் சுரங்கங்களில் கனரக வண்டிகள் எரிவதற்கான வழக்கமான காரணம் இதுதான்: டீசலோ ஹைட்ராலிக் ஆயிலோ மெல்லிய தெளிப்பாகச் சூடான பாகத்தின் மேல் விழுவது. நெய்வேலியில் இன்னொன்றும் சேர்கிறது. பழுப்பு நிலக்கரி குவித்துவைத்தால் தானே புகைந்து எரியத் தொடங்கும் சரக்கு. அதன் தூள் படிந்த என்ஜினில் டீசல் ஊறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தூளால் ஒரு நன்மையும் உண்டு. தூசி படிந்த வண்டியில் கசியும் இடம் தானே கறுத்து ஈரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்வது பாதி வேலை. ஏனென்றால் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெட்ரோல் டியூபின் வெளிப்பக்கமாகவே வழிந்து ஓடி, கடைசி வளைவில் வந்து சொட்டும்.

பழைய வண்டிகளிலிருந்து தொடங்குவோம். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 தொடங்கி, கார்புரேட்டர் வைத்த பைக்குகள் வரைக்கும் ஏற்பாடு ஒன்றுதான். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் ஒரு காக், ஒரு சாண் டியூப். பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. இந்த வண்டியில் குழாய் ஒழுகினால் முதல் மருந்து டேங்குக்கு அடியிலேயே இருக்கிறது. காக்கை மூடினால் கசிவு நின்றுவிடும். அதன் பிறகு யோசிக்க நேரம் கிடைக்கிறது. இந்த ஒரு வசதியை நம்பித்தான் ஊரில் உலவும் எல்லா ஒட்டுகளும் பிறந்தன என்பது என் எண்ணம்.

ஒழுகுவது டியூப்தானா என்று பார்க்கவும் காக் உதவும். காக் திறந்திருக்கும்போது மட்டும் கார்புரேட்டருக்கு அடியிலிருக்கும் சின்னக் குழாய் வழியாகப் பெட்ரோல் வழிந்தால், டியூப் மேல் பழியில்லை. உள்ளே ஊசி வால்வில் தூசி சிக்கி ஓவர்ஃப்ளோ ஆகிறது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கார்புரேட்டர் கிண்ணத்தை நாலு தட்டுத் தட்டினால் பல சமயம் நின்றுவிடும். பார்ப்பதற்கு மந்திரம் மாதிரி இருந்தாலும் காரணம் உள்ள வேலை.

டியூப்தான் என்று தெரிந்தால், எல்லா ஒட்டுகளையும்விடச் சிறந்த ஒன்று உண்டு. அதற்கு வெளியிலிருந்து ஒரு பொருளும் வேண்டாம். ரப்பர் டியூப் பெரும்பாலும் நடுவில் வெடிப்பதில்லை. காக்கின் முனையிலோ கார்புரேட்டரின் முனையிலோ கிளிப் கடிக்கும் இடத்தில்தான் வெடிக்கும். அங்கே ரப்பர் எப்போதும் விரிந்த நிலையில் இருக்கிறது. என்ஜின் சூடும் பக்கத்திலேயே. காக்கை மூடி, கிளிப்பை இடுக்கியால் நெருக்கிப் பின்னுக்குத் தள்ளி, டியூபை ஒரு திருகு திருகி உருவினால் வெடித்த முனை கையில் வந்துவிடும். கெட்டுப்போன அந்த ஒரு விரற்கடை நீளத்தை பிளேடால் நேராக வெட்டி எறிந்துவிட்டு, நல்ல முனையை முழுசாக ஏற்றி, கிளிப்பை முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் போட வேண்டும். டியூப் குட்டையாகி இழுத்துப்பிடித்தால் ஹேண்டில் திருப்பும்போதும் குழியில் இறங்கும்போதும் கழன்றுவிடும் என்பதால், ஏற்றிய பிறகு ஒரு வளைவு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருவும்போது டியூபுக்குள் இருக்கும் பெட்ரோல் கொஞ்சம் கையில் வழியும். ஆகவே முதலில் என்ஜின் ஆறட்டும். இப்படிச் செய்த வேலையைத் தற்காலிகம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்; டியூப் மற்றபடி மெத்தென்று இருந்தால் மாதக்கணக்கில் ஓடும்.

நடுவில் வெடித்திருந்தால் வெடித்த துண்டை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் உலோக ஜாயின்ட் போட்டு இணைக்கலாம். ஜாயின்ட் இல்லாதவர்கள் பழைய பெட்ரோல் ஃபில்டரையே இடையில் சொருகுகிறார்கள். அதுவும் சரிதான், இரு பக்கமும் முனை உள்ள உறுதியான பொருள். கட்டுக்கம்பியைக் கிளிப்பாக முறுக்குகிறவர்கள் ஒற்றைச் சுற்றாகப் போட்டால் அது ரப்பரை அறுக்கும். இரட்டைச் சுற்றாகப் போட்டால் அழுத்தம் பரவி நிற்கும். இது கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டியூபே இற்றுப்போய்விட்டால் பக்கத்துக் கடையில் கிடைப்பது கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப். கிராமத்தில் குளுக்கோஸ் டியூப். இரண்டும் பிவிசி. பெட்ரோல் ஓடுவது வெளியே தெரிகிறது என்பதால் பலருக்கு இது ரப்பரைவிட உயர்ந்ததாகவே தோன்றுகிறது. பிவிசியை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி எண்ணெய். பெட்ரோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். டியூப் முதலில் மஞ்சளாகும், பிறகு விறைக்கும், ஒரு நாள் கண்ணாடி போல உடையும். என்ஜின் பக்கத்தில் போனால் இளகவும் செய்யும். வீடு சேருவதற்குச் சரி. ஆனால் லெவல் டியூப் போட்ட யாரும் வீடு சேர்ந்ததும் அதைக் கழற்றுவதில்லை. தற்காலிக ஒட்டின் உண்மையான ஆபத்து அது வேலை செய்துவிடுவதுதான்.

இனி சோப்பு. துணி சோப்புக் கட்டியை ஈரமில்லாமல் குழைத்து, டேங்கிலோ உலோகக் குழாயிலோ உள்ள ஊசித்துளையில் அப்பினால் கசிவு நிற்கும். லாரி டிரைவர்களும் அம்பாசடர் டிரைவர்களும் தலைமுறையாகச் செய்துவந்த வேலை. இதற்குப் பின்னால் சரியான வேதியியல் இருக்கிறது. பெட்ரோல் எண்ணெய் வகை. சோப்பு ஓர் உப்பு. எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் மற்றப் பசைகளெல்லாம் கரைந்து ஓடும் இடத்தில் சோப்பு நிற்கிறது. ஷெல்லாக்கும் இப்படித்தான். அரக்கிலிருந்து வரும் அந்தப் பழுப்புப் பசையைப் பெட்ரோல் ஒன்றும் செய்யாது என்பதால்தான் மெக்கானிக்குகள் கேஸ்கெட்டுக்கும் திருகுகளுக்கும் அதைத் தடவிவந்தார்கள்.

ஆனால் அரக்கைக் கரைக்க உலகெங்கும் பயன்படுத்துவது எரிசாராயம். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி ஷெல்லாக் செதிள்களை ஸ்பிரிட்டில்தானே ஊறவைக்கிறார்? இந்தியப் பெட்ரோலில் இன்று கலந்திருப்பது அதே எத்தனால். 2022-இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. 2025-இல் நாடு முழுக்க அதுவே பொதுவழக்காகிவிட்டது. எத்தனால் தண்ணீரையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். சோப்பும் எரிசாராயத்தில் ஓரளவு கரையும், தண்ணீரில் சொல்லவே வேண்டாம். ஆக, எண்ணெயில் கரையாது என்ற ஒரே பலத்தில் நின்ற இரண்டு மருந்துகளின் அடித்தளமும் பெட்ரோல் பங்க்கில் சத்தமில்லாமல் மாற்றப்பட்டுவிட்டது. சோப்பு இன்றைக்கும் கொஞ்ச நேரம் தாங்கும். தாத்தா காலத்தில் தாங்கியது போல் தாங்கும் என்று நம்பி நெய்வேலியிலிருந்து விழுப்புரம் போகக் கூடாது.

எத்தனாலின் வேலை ஒட்டுகளோடு நிற்பதில்லை. பழைய வண்டிகளின் ரப்பர் டியூபும் ஓ-ரிங்கும் சுத்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை. எத்தனால் பட்டால் சில ரப்பர்கள் உப்பும், காய்ந்தால் சுருங்கி விறைக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. அது மலிவான, சர்வீஸின்போதே முடிகிற வேலை என்றும் சேர்த்துக்கொண்டது. மலிவுதான். ஆனால் மாற்ற வேண்டும் என்று டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வைத்திருக்கும் விவசாயிக்கு யார் சொல்வது?

இதில் ஒரு விநோதமும் உண்டு. கேரளத்தில் 2023-இல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, எரிபொருள் ரப்பர் குழாய்களில் சின்ன வண்டுகள் துளை போடுவது பேச்சாயிற்று. நோயுற்ற மரம் சாகும் தறுவாயில் எத்தனால் வாசம் விடும். அந்த வாசத்தை மோப்பம் பிடித்து வந்து மரத்தைத் துளைக்கும் வண்டினம் உலகெங்கும் உண்டு. எத்தனால் ஊறிய ரப்பர் குழாய்க்கும் பட்டுப்போகும் மரக்கிளைக்கும் அந்த வண்டு எப்படி வித்தியாசம் காணும்? குண்டூசி குத்தியது போன்ற துளை, சுற்றிலும் வெடிப்பே இல்லாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதை. நெய்வேலி டவுன்ஷிப் போல மரம் அடர்ந்த இடங்களில் வண்டியை நாட்கணக்கில் நிழலில் நிறுத்திவைப்பவர்கள் எலிக்கும் அணிலுக்கும் பயப்படுவதோடு இதையும் பட்டியலில் வைக்கலாம். இந்தத் துளைக்கு மேல்பூச்சு எதுவும் உதவாது. ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

மீதி மருந்துகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எம்-சீல் நல்ல பொருள். ஆனால் காய்ந்த, துருவும் எண்ணெய்ப்பசையும் போகச் சுரண்டிய உலோகத்தில்தான் பிடிக்கும். ஒழுகிக்கொண்டிருக்கும் துளையின் மேல் அப்பினால் அடியில் பெட்ரோல் வழி பண்ணிக்கொண்டு வெளியே வந்துவிடும். முதலில் சோப்பால் அடைத்துத் துடைத்து அதன் மேல் எம்-சீல் வைத்துக் காய விடுவது டேங்கில் பலிக்கும் கூட்டு வைத்தியம். வளையும் ரப்பர் குழாயில் எம்-சீல் வைத்தால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே விண்டுவிடும். ஃபெவிகுவிக்கும் அப்படியே. இன்சுலேஷன் டேப்பின் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடும். டேப் வழுக்கிக்கொண்டு கழலும். சைக்கிள் டியூப் கிழிசல் கொஞ்சம் தந்திரமானது: பெட்ரோல் பட்டதும் அது உப்பும், உப்பி முதலில் நன்றாக இறுக்கும், ஒரு மணி நேரம் கழித்துக் கொழகொழவென்றாகும். டெஃப்ளான் டேப்பைப் பெட்ரோல் ஒன்றும் செய்யாது, ஆனால் அது திருகு மரைக்கு ஆன பொருள். பிய்ந்த இழை உள்ளே போனால் ஜெட்டையோ இன்ஜெக்டரையோ அடைத்து இன்னொரு செலவு வைக்கும். சூயிங்கம் பற்றிப் பேச வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்ரோல் தன் எடையால் இறங்கும் வண்டிக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் டூவீலர்களிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது; மளிகைக்கடைக்குச் சரக்கு ஏற்றும் எக்ஸ்எல் 100 கூட மாறிவிட்டது. இப்போது டேங்குக்குள் ஒரு மின்சாரப் பம்ப் உட்கார்ந்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. வண்டி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிடக் கூடுதல் அது. இந்தக் குழாயில் துளை விழுந்தால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். மெல்லிய திவலையாகப் பீய்ச்சுவதால் ஆவியாவதும் உடனே. சாவியைத் திருப்பியதுமே, என்ஜின் ஓடாமலேயே, பம்ப் ஓரிரு நொடி ஓடி அழுத்தம் ஏற்றும். அணைத்த பிறகும் அந்த அழுத்தம் வெகுநேரம் குழாய்க்குள் நிற்கும். கையால் மூடுகிற காக்கும் இல்லை.

பழைய வைத்தியம் முழுவதும் இங்கே தோற்றுவிடுகிறது. சோப்பு தெறிக்கும், டியூப் கிழிசல் பலூன் போல ஊதும், கட்டுக்கம்பிக் கிளிப் கழன்று ஓடும். பல வண்டிகளில் குழாயே ரப்பர் இல்லை, விறைப்பான நைலான். முனையில் கிளிப்புக்குப் பதிலாகச் சொடுக்கிப் பூட்டும் கனெக்டர். அதை வெட்டி ரப்பர் டியூபுக்குள் நுழைத்துக் கிளிப் போட்டால் முனையில் பிடிமானம் இல்லாததால் அழுத்தம் தள்ளிவிடும். என் முடிவு இதுதான்: இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒழுகினால் சாலையோர ஒட்டு என்று ஒன்று கிடையாது. சாவியை எடு, தள்ளு, அல்லது மினி லாரியில் ஏற்று. மெக்கானிக் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் இருக்கிற பெட்ரோலைக் குடித்துத் தானே அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பீய்ச்சிக்கொண்டிருக்கும் வண்டியில் அந்த ஓட்டமும் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, கனெக்டர் முழுசாக ஏறாமல் கசிவது. சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே வாசனை அடித்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அழுத்தம் இறக்கிக் கழற்றி, தூசி துடைத்து, ‘டக்’ என்று சத்தம் கேட்கும் வரை தள்ளினால் போதும்.

“அண்ணே, பெட்ரோல் வாசனை வருது, பாருங்க” என்றால், “டேங்க் ஃபுல்லா இருக்கும் தம்பி, அதான்” என்று பதில் வரும். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆனால் கம்பெனியிலிருந்தே தவறு வருவதும் உண்டு. 2010 பிப்ரவரியில் மாருதி சுசூகி ஏ-ஸ்டார் கார்கள் ஒரு லட்சம் வரை திரும்ப அழைத்தது, பெட்ரோல் பம்ப் கேஸ்கெட் கசியக்கூடும் என்பதால். 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் என 1,03,311 கார்களை, பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயைச் சோதித்து மாற்ற அழைத்தது. புது வண்டியில் கசிவு தெரிந்தால் எம்-சீலைத் தேடுவதற்கு முன் சேசிஸ் எண்ணைக் கொண்டு அப்படி ஓர் அழைப்பு இருக்கிறதா என்று கேட்பது மேல். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடவும் இடம் வைத்திருக்கிறது.

டீசல் வண்டிக்குக் கணக்கு வேறு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் பழைய லாரியில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் துளை விழுந்தால் பெரும்பாலும் ஒன்றுமே சொட்டாது. வெளியிலிருந்து காற்று உள்ளே போகும். வண்டி இழுக்காது, விட்டுவிட்டு ஓடும், மேட்டில் நின்றுவிடும். “ஏர் எடுக்குது” என்பது லாரி மொழி. இங்கே கசிவைக் கண்ணால் தேடிப் பயனில்லை. இணைப்புகளில் ஒவ்வொன்றாக கிரீஸோ சோப்போ அப்பிப் பார்க்க வேண்டும். எதில் அப்பியதும் என்ஜின் சீராகிறதோ அதுதான் குற்றவாளி. உறிஞ்சும் பக்கம் என்பதால் அப்பிய பொருளைக் காற்றே உள்ளே இழுத்து இறுக்கும். டீசலில் எத்தனாலும் இல்லை. பெட்ரோல் வண்டியில் செல்வாக்கு இழந்த சோப்புக்கு மிச்சமிருக்கும் மரியாதையான இடம் இதுதான். பிறகு கைப் பம்பை அடித்து, ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை உள்ளே போன காற்றை வெளியேற்றிவிட்டால் வண்டி கிளம்பும்.

தள்ளும் பக்கத்தில், குறைந்த அழுத்தப் பகுதியில், ஒழுகுவது பெரும்பாலும் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர். பலமுறை இறுக்கி இறுக்கிச் செம்பு கெட்டித்திருக்கும். இன்னும் இறுக்கினால் போல்ட்தான் உடையும். புது வாஷர் இல்லாதபோது, கழற்றிய வாஷரை வண்டியிலிருந்து தள்ளிப் போய் அடுப்பிலோ டார்ச்சிலோ செந்நிறமாகக் காய்ச்சி, ஆறவிட்டு, கரியைத் துடைத்து, தட்டையாகத் தேய்த்துப் போட்டால் செம்பு மறுபடி இளகி உட்கார்ந்துகொள்ளும். செம்பு காய்ச்சினால் இளகும் என்ற கன்னார் அறிவு இது. சாலையோர வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டு என்று சொல்லவே முடியாத, முழுமையான வேலை. துருப்பிடித்த ரிட்டர்ன் பைப்பாக இருந்தால் கெட்ட துண்டை வெட்டி, இரு பக்கமும் ஓர் அங்குலமாவது ஏறும்படி டீசல் ஓஸ் சொருகி, பக்கத்துக்கு இரண்டு கிளிப் போட்டால் ஊர் போய்ச் சேரலாம்.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயில் மட்டும் யாரும் விளையாடக் கூடாது. பழைய இன்லைன் பம்ப் வண்டியிலேயே நாசில் திறக்க 200 பார் வாக்கில் அழுத்தம் வேண்டும். இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் அது 1,600, 2,000 பார். மயிரிழைத் துளையிலிருந்து வரும் அந்தத் தாரை கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே எறும்பு கடித்தது போல் ஒரு புள்ளிதான் இருக்கும், வலியும் முதலில் குறைவு. சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகலாம், கையும் போகலாம். புள்ளி சின்னதாயிற்றே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெருந்தவறு. கசிவைத் தேட வேண்டுமானால் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். கப்பல் என்ஜின்களில் இந்தக் குழாய்க்கு மேல் இன்னொரு உறைக்குழாய் போட வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. உள்ளே வெடித்தாலும் உறைக்குள்ளேயே வடிந்துவிடும். லாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

குழாய் ஏன் ஓட்டையாகிறது என்று கேட்டால், வயதையும் எத்தனாலையும் விட்டால் மிஞ்சுவது உராய்வு. கழன்றுபோன ஒரு கிளாம்ப், அதனால் குழாய் ஃபிரேமில் உரசிக்கொண்டே இருப்பது. இது எளிய வண்டிகளின் நோய் மட்டும் அல்ல. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் பறந்த ஏர் டிரான்சாட் விமானத்தில், என்ஜின் மாற்றியபோது பொருந்தாத பாகம் போட்டதால் எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் ஒன்றோடொன்று உரசி ஓட்டை விழுந்தது. அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் முழுக்கத் தீர்ந்து, இரண்டு என்ஜினும் நின்று, 306 பேரோடு அசோர்ஸ் தீவு வரை மிதந்து வந்து இறங்கியது. நம் வண்டியில் இதைத் தடுக்க ஒரு பழைய டியூப் துண்டைப் பிளந்து குழாயின் மேல் உறையாக மாட்டி, ஒரு டை போட்டால் போதும்.

டேங்குக்கு வெல்டிங் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. காலி டேங்க்தானே என்று நினைப்பது தவறு. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் வெடிக்கும், உள்ளே இருப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. கழற்றி, கழுவி, நீராவி காட்டி, தண்ணீர் நிரப்பி, பற்றவைக்கும் இடம் மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி செய்யத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

ஒட்டுப் போட்டு ஓட்டுவது சொந்த ரிஸ்க் என்று சொல்கிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது: ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தே, அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையில், வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். அதைவிட நேரான பதில் ஷிப்ட் நேரத்து டூவீலர் ஸ்டாண்டில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஹேண்டிலோடு ஹேண்டில் இடித்து நிற்கும் கொட்டகையில் எட்டு மணி நேரம் ஒழுகும் ஒரு வண்டி யாருடைய ரிஸ்க்? சோப்பு அப்பிய வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. காக் உள்ள வண்டியாக இருந்தால் மூடிவிட்டு, திறந்த வெளியில், தரை சரிவாக இல்லாத இடத்தில் தனியே நிறுத்த வேண்டும்.

மறுநாள் காலை கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. டியூபை அடிக்கணக்கில் சுருளிலிருந்து வெட்டிக் கொடுப்பார்கள். எந்த வண்டிக்குக் கேட்டாலும் அதே சுருள்தான் வரும், “எல்லாத்துக்கும் இதான் சார் போடுறாங்க” என்ற சான்றிதழோடு. நல்ல எரிபொருள் ஓஸின் மேல் அதன் தரம் அச்சிடப்பட்டிருக்கும். ஆர்6, ஆர்7 என்று இருந்தால் கார்புரேட்டர் வண்டிக்கும் டீசல் ரிட்டர்னுக்கும் போடலாம். ஆர்9 என்றால் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் எத்தனாலையும் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் உள்ளே இருக்கிறது. விலை சில மடங்கு கூடுதல். ஒன்றுமே அச்சிடாத கறுப்புச் சுருள் தண்ணீர் மோட்டாருக்கு ஆகும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதை வாங்குவதைவிட, கம்பெனிக் குழாய் வரும்வரை இரண்டு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போகலாம்.